சங்கம் கலைந்த ஊர்களின் வாக்கு

1961 மே 29ஆம் தேதி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வெல்ச் என்னும் மலை நகரம். வேலையிழந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரும் அவர் மனைவியும் 95 டாலர் மதிப்புள்ள உணவுக் கூப்பன்களை வாங்கிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனார்கள். வீட்டில் பதினைந்து பேர். அவர்கள் முதலில் எடுத்த பொருள், பன்றி இறைச்சி சேர்த்த பீன்ஸ் டப்பா. ஜான் கென்னடி புதிதாகத் தொடங்கிவைத்த உணவுக் கூப்பன் திட்டத்தின் முதல் பயனாளிகள் இவர்கள்தாம். முந்தைய ஆண்டு மே மாதம் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில், கத்தோலிக்கரான கென்னடியை புராட்டஸ்டன்ட்டுகள் நிறைந்த இந்த மாநிலம் தூக்கிவிட்டது. பிரச்சாரத்துக்கு வந்தபோது இந்த மலைகளில் பசியை நேரில் பார்த்தவர், பதவியேற்ற மறுநாளே ஏழைகளுக்கான உணவு விநியோகத்தைக் கூட்டும் ஆணையில் கையெழுத்திட்டார். அதுவே அவருடைய முதல் ஆணை.

வெல்ச் நகரம் மெக்டவல் மாவட்டத்தின் தலைநகர். 1930கள் தொட்டு, நிக்சன் நாட்டையே அள்ளிச்சென்ற 1972 நீங்கலாக, இந்த மாவட்டம் அதிபர் தேர்தல்களில் ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டதில்லை. 2008இல் ஒபாமாவுக்கும் 53 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அடுத்த தேர்தலிலேயே நிலைமை தலைகீழானது. 2012இல் குடியரசுக் கட்சியின் ராம்னி பெருவாரியாக வென்றார். 2016இல் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் டொனால்ட் டிரம்ப் பக்கம் நின்றார்கள். 2020இல் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 79 சதவீதம். 1950இல் 98,887 பேர் வாழ்ந்த மாவட்டத்தில் 2020இல் எஞ்சியவர்கள் 19,111 பேர். 2014ஐ ஒட்டிய கணக்குப்படி, மாவட்ட மக்களின் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவி, உணவுக் கூப்பன் என்று மத்திய அரசிடமிருந்து வருவது. அந்த உதவிகளை வெட்ட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லும் கட்சிக்கே அந்த மாவட்டம் வாக்களிக்கிறது.

இதைப் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள். தாமஸ் ஃபிராங்க் 2004இல் கன்சாஸ் மாநிலத்தைப் பற்றி எழுதிய நூல் இந்தக் கருத்தைப் பரப்பியது. கருக்கலைப்பு, துப்பாக்கி, மதம் ஆகியவற்றைக் காட்டி ஏழைகளின் கவனத்தைத் திருப்பி, பணக்காரர்களுக்கு வரிச்சலுகை கொடுக்கும் கட்சிக்கு அவர்களை வாக்களிக்கவைக்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ஃபிராங்குக்குத் தன் சொந்த மாநிலத்தின் மேல் இருந்த அக்கறையில் சந்தேகமில்லை. ஆனால் இந்த விளக்கம் ஏழைகளை ஏமாளிகளாக்குகிறது. ஏழைகள் தங்கள் அனுபவத்திலிருந்து யோசித்துத்தான் வாக்களிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தொடங்கினால் வேறு சங்கதிகள் கண்ணில் படுகின்றன. அவற்றுள் முதலாவது, ஏழை மாநிலம் வேறு, ஏழை மனிதர் வேறு.

1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஒரு வேடிக்கையான முரணைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறிவு அதிகமாக இருந்தது. ஆள்வாரியாகப் பார்த்தாலோ, வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறிவு குறைவு. வந்தேறியவர்கள் பள்ளிகளும் வேலைகளும் பெருகிய வளமான மாநிலங்களில் குடியமர்ந்ததுதான் காரணம். ஒரு வட்டாரத்தின் குணத்தை அங்கு வாழும் ஒவ்வொருவரின் தலையிலும் ஏற்றக் கூடாது என்பது அன்று முதல் புள்ளியியலில் பாலபாடம்.

ஆண்ட்ரூ கெல்மன் தம் குழுவினரோடு 2008இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பாடத்தைத் தேர்தல் வரைபடத்துக்குப் பொருத்தியது. மிசிசிப்பி போன்ற ஏழை மாநிலங்கள் குடியரசுக் கட்சிக்கும், கனெக்டிகட் போன்ற வசதியான மாநிலங்கள் ஜனநாயகக் கட்சிக்கும் போவது உண்மை. ஆனால் மிசிசிப்பிக்குள் நுழைந்து பார்த்தால், அங்குள்ள ஏழைகள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்திருந்தார்கள். மாநிலத்தைக் குடியரசுக் கட்சியின் பக்கம் இழுத்தவர்கள் அங்குள்ள பணக்காரர்கள். கனெக்டிகட்டில் பணக்காரருக்கும் ஏழைக்கும் வாக்கில் பெரிய வேறுபாடு இல்லை. அதாவது ஏழை மாநிலங்களின் சாய்வு, கணிசமான அளவுக்கு, அந்த மாநிலங்களின் வசதியானவர்களுடைய சாய்வு. லாரி பார்டெல்ஸ் 2006இல் ஃபிராங்குக்கு எழுதிய மறுப்பிலும் இதையொட்டிய செய்தி இருந்தது. கல்லூரிப் பட்டம் இல்லாத வெள்ளையர்களிடையே ஜனநாயகக் கட்சி இழந்த வாக்கு, அன்றுவரை ஏறத்தாழ முழுக்கத் தென்மாநிலங்களில் இழந்தது. அங்கே 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு நடந்த இனவழிப் பிரிவினையே முதன்மையான காரணம்.

இந்தக் கணக்கு இன்று அப்படியே பொருந்தாது. 2016க்குப் பிறகு படிப்பு என்னும் கோடு வருமானக் கோட்டைவிட அழுத்தமாகிவிட்டது. 2024இல் வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்புகளில், ஆண்டுக்கு 50,000 டாலருக்குக் கீழே சம்பாதிப்பவர்களிடையே டிரம்ப் மயிரிழையில் முந்தினார். 1,00,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களிடையே கமலா ஹாரிஸ் முந்தினார். ஆகவே ஏழைகள் யாருமே மாறவில்லை, எல்லாம் வரைபடத்தின் தோற்றப் பிழை என்று இன்று சொல்ல முடியாது. மெக்டவல் உண்மையாகவே மாறியிருக்கிறது.

கென்டக்கியில் நடந்தது இன்னொரு அடுக்கைக் காட்டுகிறது. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தை 2014இல் விரிவாக்கினார் ஆளுநர் ஸ்டீவ் பெஷியர். காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் நாட்டிலேயே வேகமாக விழுந்த மாநிலங்களில் அதுவும் ஒன்று. மறு ஆண்டே, 2015 நவம்பரில், அந்த விரிவாக்கத்தை எதிர்த்துப் பிரச்சாரம் செய்த மேட் பெவின் ஆளுநராக வென்றார். பலன் பெற்றவர்களே அதற்கு எதிராக வாக்களித்தார்கள் என்று பத்திரிகைகள் வியந்தன. அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவு 31 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அலெக் மெக்கில்லிஸ் என்ற பத்திரிகையாளர் அப்போது அந்த மலைப்பகுதிகளில் சுற்றிவந்து எழுதியதே எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. மெடிக்கெய்ட் அட்டை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிக்கே போவதில்லை. போகிறவர்கள் அவர்களுக்கு ஒரு படி மேலே இருப்பவர்கள்: பள்ளி ஆசிரியை, ஷெரிஃப் அலுவலகக் காவலர், பெட்ரோல் பங்க் முதலாளி, நெடுஞ்சாலைத் துறை ஊழியர். பக்கத்து வீட்டுக்காரர் ஊனமுற்றோர் உதவித்தொகையில் நாளைக் கழிப்பதையும், அந்தப் பணம் வலி மாத்திரைக்குப் போவதையும் தினமும் பார்ப்பவர்கள். நாம் உழைத்துக் கட்டும் வரியில் இவன் உட்கார்ந்து தின்கிறான் என்ற கோபம் அவர்களுடையது. அந்தக் கோபம் நியாயமா என்பது தனிக் கேள்வி. பட்டினி கிடந்த அனுபவம் உள்ள ஊரில் உழைப்பே கௌரவத்தின் ஒரே அளவுகோலாக இருக்கும்போது, அது பிறப்பதில் வியப்பில்லை.

இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஔஸ்லி மாவட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்குக் கென்டக்கியில் உள்ள அது நாட்டின் மிக ஏழை வெள்ளையர் மாவட்டங்களில் ஒன்று. குடியரசுக் கட்சிக்கே வாக்களிக்கிறது. ஏமாந்த ஏழைகளுக்கு அதைச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். ஆனால் ஔஸ்லி உள்நாட்டுப் போர்க் காலம் தொட்டே குடியரசுக் கட்சியின் கோட்டை. 1860களில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களோடு சேராமல் ஒன்றியத்தின் பக்கம் நின்ற மலைக்குடிகளின் விசுவாசம் அது. அங்கே எதுவும் மாறவில்லை. மாறியது, சங்கம் வளர்ந்த நிலக்கரிப் பகுதிகள். இந்த இரண்டையும் ஒரே கூடையில் போடுவதால்தான் ஏழ்மையே காரணம் என்று தோன்றுகிறது.

நிலக்கரிப் பகுதிகளின் கதையை விரிவாகவே சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு மேற்கு வர்ஜீனியாவில் சுரங்கக் கம்பெனியே ஊர். வீடு கம்பெனியுடையது. கூலி கம்பெனியே அடித்த நாணயத்தில் வரும். அது கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும். சங்கத்தில் சேர்ந்தவர் குடும்பத்தோடு தெருவுக்கு வர வேண்டும். 1920 மே மாதம் மேட்வான் என்ற ஊரில், தொழிலாளர்களை வீட்டை விட்டு வெளியேற்ற வந்த கம்பெனியின் கூலிப் படையோடு ஊர்க் காவல் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டும் சுரங்கத் தொழிலாளர்களும் மோதினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி ஹாட்ஃபீல்ட் சுட்டுக்கொல்லப்பட்டார். கொலை நடந்த இடம் வெல்ச் நகர நீதிமன்றத்தின் படிக்கட்டு. அந்தச் சேதி மலைகளில் பரவி, ஆகஸ்ட் கடைசியில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு பிளேர் மலையை நோக்கி நடந்தார்கள். கறுப்பர், வெள்ளையர், இத்தாலியிலிருந்து வந்தவர் எல்லோரும் அந்தப் படையில் இருந்தார்கள். மத்திய அரசு ராணுவத்தை அனுப்பி அதை அடக்கியது. 1933இல் ரூஸ்வெல்ட் அரசு சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டமாக்கிய பிறகு, தடைபட்டிருந்த வெள்ளம்போல, சில மாதங்களுக்குள் இந்தப் பகுதி முழுவதும் ஐக்கியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தது.

இந்த வரலாற்றில்தான் ஜனநாயகக் கட்சியின் வாக்கு வேர் பிடித்தது. வாக்குக் கேட்டு வந்தவர்கள் கட்சிக்காரர்கள் இல்லை. பக்கத்தில் நின்று கரி வெட்டிய சங்கத்துக்காரர். விபத்தில் கால் போனால் இழப்பீட்டு மனுவை எழுதிக்கொடுத்ததும் அவர்தான். 1946இல் சங்கம் போராடிப் பெற்ற நலநிதியிலிருந்து மருத்துவ அட்டை வந்தது. 1956இல் அந்த நிதி மூன்று மாநிலங்களில் பத்து மருத்துவமனைகளைத் திறந்தது. சங்கக் கூடத்தில்தான் கூட்டமும் நடனமும் ஓய்வுபெற்றோரின் சீட்டாட்டமும் நடந்தன. யாருக்கு வாக்கு என்பதும் அங்கேதான் பேசித் தீர்ந்தது. 1932 முதல் 1996 வரை, 1956, 1972, 1984 ஆகிய மூன்று தேர்தல்களைத் தவிர எல்லா அதிபர் தேர்தல்களிலும் இந்த மாநிலம் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்ததற்கு அடிப்படை இந்த அன்றாட உறவு.

அது எப்படி அறுந்தது? 1950இல் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ், கூலி உயர்வுக்கும் நலநிதிக்கும் ஈடாக, சுரங்கங்களில் இயந்திரங்கள் வருவதை ஏற்றுக்கொண்டார். தொழில் பிழைக்க வேறு வழியில்லை என்று நம்பினார். 1940களின் கடைசியில் இந்த மாநிலத்தில் 1,25,000ஐ ஒட்டி இருந்த சுரங்கத் தொழிலாளர் எண்ணிக்கை, 1960களின் தொடக்கத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. இயந்திரத்தால் வேலை இழந்தவர்கள் டெட்ராய்ட்டுக்கும் கிளீவ்லாந்துக்கும் பேருந்து ஏறினார்கள். நலநிதியால் தாக்குப்பிடிக்க முடியாமல் மருத்துவமனைகளும் கைமாறின. 1980களில் மெக்டவலில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதே பத்தாண்டில் மாஸ்ஸி போன்ற கம்பெனிகள் சங்கமே இல்லாத சுரங்கங்களைத் திறந்தன. மலையின் உச்சியை வெடிவைத்துத் தகர்த்துக் கரி எடுக்கும் முறை வந்தபோது, நூறு பேர் செய்த வேலைக்குச் சிலர் போதும் என்றானது. கென்டக்கியில் 2015க்குள் சங்கம் உள்ள சுரங்கம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2010 ஏப்ரலில் மேற்கு வர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் வெடிப்பு நிகழ்ந்து 29 பேர் மாண்டார்கள். அதுவும் மாஸ்ஸி நடத்திய, சங்கம் இல்லாத சுரங்கம்.

வெற்றிடம் வெற்றிடமாக இருக்கவில்லை. 2002இல் மேற்கு வர்ஜீனிய நிலக்கரி முதலாளிகள் சங்கம் ‘நிலக்கரியின் நண்பர்கள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. கார் கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கர், வண்டியின் நம்பர் பிளேட், பள்ளி விளையாட்டுக்கு நன்கொடை என்று அது பரவியது. 2006இல் மாநிலத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிக்கே நிலக்கரியின் பெயர் சூட்டப்பட்டது. ஷானன் பெல், ரிச்சர்ட் யார்க் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது: நிலக்கரி தந்த வேலைகள் குறையக் குறைய, நிலக்கரியே நம் அடையாளம் என்ற பிரச்சாரம் கூடிக்கொண்டே போனது. முன்பு தொழிலாளியின் பெருமை முதலாளியை எதிர்த்து நின்றதில் இருந்தது. இப்போது அதே பெருமையை முதலாளி தன் பெயரில் எழுதிக்கொண்டான். எதிரியின் முகமும் மாறியது. அன்று கம்பெனியின் அடியாள்; இன்று வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் சுற்றுச்சூழல் அதிகாரி.

தீடா ஸ்காக்போலும் லெய்னி நியூமனும் மேற்கு பென்சில்வேனியாவின் எஃகு நகரங்களில் இதையே கண்டார்கள். 2023இல் வெளிவந்த அவர்களின் நூல், பழைய சங்க இதழ்களைப் புரட்டியும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களிடம் பேசியும் எழுதப்பட்டது. அங்கே சங்க உறுப்பினர் அட்டை இன்னும் இருக்கிறது. சங்க வாழ்க்கை இல்லை. தேவாலயமும் துப்பாக்கி மன்றமும் மாலைப் பொழுதை எடுத்துக்கொண்டன. துப்பாக்கி மன்றம் எந்தக் கட்சியோடு சேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. மேற்கு வர்ஜீனியாவில் 2000ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் அல் கோர் தோற்றதற்குத் துப்பாக்கியும் நிலக்கரியும் சேர்ந்தே காரணம். அந்த மாநிலத்தின் ஐந்து தேர்வாளர் வாக்குகள் கிடைத்திருந்தால் ஃபுளோரிடா இல்லாமலேயே கோர் அதிபராகியிருப்பார். அறுபது ஆண்டுகள் ஓர் ஊரின் விசுவாசத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொண்ட கட்சி கொடுத்த விலை அது.

ஜனநாயகக் கட்சியின் பொறுப்பை மறைத்துவிட்டு இதை எழுதுவது நேர்மையாகாது. 1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தைச் செயல்படுத்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் பில் கிளிண்டன். அந்த ஒப்பந்தத்தால் அதிகம் அடிபட்ட, துணியும் அறைகலனும் செய்த தென்கிழக்கு மாவட்டங்கள் அதன் பிறகு குடியரசுக் கட்சியின் பக்கம் நகர்ந்ததைப் பொருளியல் ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. 2016 மார்ச் மாதம் ஹிலாரி கிளிண்டன் ஒரு கூட்டத்தில், நிலக்கரித் தொழிலாளர்களுக்கு மாற்று வழி செய்ய வேண்டும் என்று விளக்கும் முயற்சியில், நிறைய சுரங்கத் தொழிலாளர்களும் கம்பெனிகளும் தொழிலை விட்டுப் போகும்படி செய்வோம் என்று சொல்லிவிட்டார். நிலக்கரியை வீழ்த்தியதில் சட்டங்களைவிட மலிவான இயற்கை எரிவாயுவுக்கே பெரும் பங்கு. ஆனால் எரிவாயு விலையை யாரும் மேடையில் பார்ப்பதில்லை. மாற்று வேலை என்று சொல்லப்பட்டது வந்தும் சேரவில்லை. மெக்டவலில் பல ஊர்களுக்குக் கடையும் வேலையுமாக இருந்த வால்மார்ட்டும் அதே 2016 ஜனவரியில் மூடப்பட்டது.

இனவெறுப்பையும் ஒதுக்கிவிட முடியாது. 2012 மே மாதம் மேற்கு வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சியின் உள்கட்சித் தேர்தலில், பதவியில் இருந்த அதிபர் ஒபாமாவுக்கு எதிராக நின்றவர் டெக்சாஸ் சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒரு கைதி. அவருக்கு 41 சதவீத வாக்குகள் கிடைத்தன. நிலக்கரிக் கொள்கை மேல் இருந்த கோபம் மட்டும் இவ்வளவு வாக்காகும் என்று நான் நம்பவில்லை. அதே சமயம், 2008 நவம்பரில் மெக்டவல் இதே ஒபாமாவைத் தேர்ந்தெடுத்ததையும் மறக்கக் கூடாது. இனவுணர்வு எப்போதும் இருந்தது. பிளேர் மலைக்குக் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒன்றாக நடத்திக் கூட்டிச்சென்ற அமைப்பு இல்லாமல் போனபோது, அதைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை.

அரசின் உதவி ஏன் வாக்காக மாறவில்லை என்பதற்கு சுசான் மெட்லரின் ஆய்வில் நல்ல விடை இருக்கிறது. 2008இல் எடுத்த கணக்கெடுப்பில், அரசின் எந்த நலத்திட்டத்தையாவது பயன்படுத்தியதுண்டா என்று மக்களிடம் கேட்டார்கள். பிறகு திட்டங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டார்கள். வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை பெற்றவர்களில் 60 சதவீதம் பேர், முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களில் 44 சதவீதம் பேர், அரசின் மூத்தோர் மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர், அரசிடமிருந்து தாங்கள் எதையும் பெற்றதில்லை என்று முதலில் சொல்லியிருந்தார்கள். வங்கிக் கணக்கில் தானாக வந்து விழும் தொகைக்கும், தனியார் கம்பெனியின் பெயர் போட்ட காப்பீட்டு அட்டைக்கும் பின்னால் ஓர் அரசியல் முடிவு இருக்கிறது என்று எடுத்துச்சொல்ல ஊரில் ஆளில்லை. முன்பு மருத்துவ அட்டையைக் கையில் கொடுத்தவருக்குப் பெயரும் முகமும் இருந்தன.

ஏழைகள் பொருளாதாரத்தைப் பார்க்காமல் வாக்களிக்கிறார்கள் என்ற வாதத்துக்கு எனக்குத் தெரிந்த வலுவான மறுப்பு, அவர்கள் நேரடியாக வாக்களித்துச் சட்டம் இயற்றும் தேர்தல்களில் கிடைக்கிறது. 2018இல் மிசூரி மாநிலம் சங்கங்களைப் பலவீனப்படுத்தும் சட்டத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் தூக்கியெறிந்தது. அதே ஆண்டு நவம்பரில் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. அதே நாளில் குடியரசுக் கட்சிக்காரரைச் செனட்டுக்கும் அனுப்பியது. 2020இல் ஃபுளோரிடா டிரம்பைத் தேர்ந்தெடுத்த அதே வாக்குச்சீட்டில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்க 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கொடுத்தது. ஐடஹோ, நெப்ராஸ்கா போன்ற பழமைவாத மாநிலங்கள் மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை மக்கள் வாக்கால் ஏற்றன. தங்கள் நலன் எது என்று இந்த வாக்காளர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த நலனுக்கு ஒரு கட்சி உத்தரவாதம் என்ற நம்பிக்கைதான் போய்விட்டது.

நம்பிக்கை மீள முடியும் என்பதற்கும் அதே மலைகளில் ஆதாரம் உண்டு. 2018 பிப்ரவரி 22ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவின் 55 மாவட்டங்களிலும் ஏறத்தாழ 20,000 ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலில் கிளம்பியவை மிங்கோ, லோகன் போன்ற தெற்கு நிலக்கரி மாவட்டங்கள். பள்ளி மதிய உணவை நம்பி இருக்கும் குழந்தைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று, வேலையை நிறுத்துவதற்கு முன்பே உணவுப் பைகளைக் கட்டிக் கொடுத்தனுப்பினார்கள். தாத்தாக்கள் பிளேர் மலைக்குக் கட்டிக்கொண்டு போன சிவப்புக் கைக்குட்டையைப் பலர் கழுத்தில் கட்டியிருந்தார்கள். குடியரசுக் கட்சியின் ஆளுநரும் சட்டமன்றமும் ஐந்து சதவீதச் சம்பள உயர்வுக்கு இறங்கிவந்தார்கள். எல்லா அரசு ஊழியர்களுக்கும் அது கிடைத்தது. ஆசிரியர்களுக்குத் துணைநின்ற லோகன் மாவட்டத்துக்காரர் ரிச்சர்ட் ஓஹேடா, அந்த ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்றார். தோற்றார். ஆனால் டிரம்ப் ஏறத்தாழ 49 சதவீதப் புள்ளிகளில் வென்ற தொகுதியில், இரண்டே ஆண்டுகளில் அவர் இடைவெளியை 13ஆகக் குறைத்திருந்தார். கென்டக்கியிலும் பெவின் ஆசிரியர்களைப் பகைத்துக்கொண்டு, 2019இல் ஏறத்தாழ 5,000 வாக்குகளில் பதவியிழந்தார். அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவு 42 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது.

நிலக்கரி ஊர்களின் இந்தப் போக்கு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்ட மன்றத்தை 1919இல் கைப்பற்றியபோது, லேபர் கட்சி நாட்டிலேயே முதன்முதலாக ஒரு மாவட்ட மன்றத்தை ஆளத் தொடங்கியது. அங்கேயும் கட்சியைச் சுமந்தது சுரங்கத் தொழிலாளர் சங்கம். 1984-85 வேலைநிறுத்தம் தோற்றது, சுரங்கங்கள் மூடப்பட்டன, 2015 டிசம்பரில் நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமும் மூடியது. 2019இல் போல்சோவர், பிளைத் வேலி போன்ற சுரங்கத் தொகுதிகள் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போயின. 2024இல் அவற்றில் பல லேபருக்குத் திரும்பின. ஆனால் 2025 மே மாதம் டர்ஹம் மாவட்ட மன்றத்தைக் கைப்பற்றியது, வலதுசாரி ரிஃபார்ம் கட்சி.

நமக்குப் பக்கத்திலும் இந்தக் கேள்வியை ஆராய்ந்திருக்கிறார்கள். உயர்சாதியினரின் கட்சியாக அறியப்பட்ட பாரதிய ஜனதா, சத்தீஸ்கர் ஆதிவாசிகளின் வாக்கைப் பெற்றது எப்படி என்று தாரிக் தாச்சில் 2014இல் நூலாக எழுதினார். கொள்கையை மாற்றாமலேயே அது நடந்தது. 1952இல் ஜஷ்பூரில் தொடங்கிய வனவாசி கல்யாண் ஆசிரமம் போன்ற துணை அமைப்புகள், அரசு எட்டிப் பார்க்காத காட்டுக் கிராமங்களில் பள்ளியும் மருந்தகமும் நடத்தின. அந்த ஊழியர் ஊரோடு இருந்தார்; அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. இடதுசாரி அமைப்புகள் ஏற்கெனவே ஊர்தோறும் வேரூன்றியிருந்த கேரளத்தில் இதே உத்தி பலிக்கவில்லை. மேற்கு வர்ஜீனிய மலைகளுக்கும் சத்தீஸ்கர் காடுகளுக்கும் பொதுவானது மிகக் குறைவு. ஆனாலும் அன்றாடத் துயரில் கூட நிற்பவர் யார் என்பது இரண்டு இடங்களிலும் வாக்கைத் தீர்மானித்திருக்கிறது.

2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு செய்த ஆட்குறைப்பில், மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுன் நகரில் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்துவந்த மத்திய அரசுப் பிரிவு முடங்கியது. நுரையீரலில் கரித்தூள் படிந்து நோயாளியான ஒரு சுரங்கத் தொழிலாளி வழக்குப் போட்டார். மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பிரிவை மீண்டும் இயக்க உத்தரவிட்டது. ஆறு மாதங்களுக்கு முன்புதான் அந்த மாநிலம் டிரம்புக்கு ஏறத்தாழ 70 சதவீத வாக்குகளை அளித்திருந்தது. இதைப் படித்துவிட்டு, தாங்களே தேடிக்கொண்ட வினைதானே என்று அந்த மக்களைக் கைகழுவுவது சுலபம். அப்படிச் சொல்வதற்கு முன், அந்த ஊரில் தொழிற்சங்கக் கூடம் எந்த ஆண்டு பூட்டப்பட்டது, அதன் பிறகு அங்கே வேறு யார் கதவைத் திறந்துவைத்தார்கள் என்று விசாரியுங்கள். நம் ஊர்த் தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போதும் இதையே முதலில் கேளுங்கள்.